வளையம்

"எத்தனை நாளா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.
நாளா?
கடைசிப் பையன் பிறந்த பதினோராம் நாள்
நடவுக்கு இறங்கிய அந்தக் குறுவையிலிருந்து.
அவன் இப்போது மன்னார்குடியில் ஐடிஐ படிக்கிறான்.

குனிந்தால் இறங்கும்.
நாற்றுமுடி தூக்கினால் இறங்கும்.
இருமினால், தும்மினால்,
சிரித்தால்கூட.
சிரிப்பதை விட்டேன்.
செகதாவுக்கு எப்போதும் மூஞ்சி தூக்கல் என்றது தெரு.

உள்ளங்கையால் மேலே தள்ளிவிட்டு
வாய்க்காலில் கை அலம்பிக்கொண்டு
மறுபடி முதல் வரிசை.
வீட்டில் இடுப்புவலி என்று சொல்லி
பாயைத் தனியே விரித்தேன்.

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரி. பச்சைத் திரை.
"கர்ப்பப்பை இறக்கம்" என்று எழுதினார்.
அதற்குப் பேர்கூட இருக்கிறது.
ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும்வரை
உள்ளே ஒரு ரப்பர் வளையம்.
பாரம் தூக்கக் கூடாதாம்.
நடவுக்காரியிடம் சொல்கிறார்.

தலைச்சன் வயிற்றில் இருந்தபோது
முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்க
ஊரே வந்தது.
இதற்கு நர்ஸ் ஒருத்திதான்.

மறுநாள் வரப்பில் சோறு தின்னும்போது
ஊறுகாய் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.
பதினாலு பேர்.
தூக்குச்சட்டி மூடிகள்கூட அசையவில்லை.
பிறகு வேம்பு,
வாயிலிருந்ததை விழுங்காமலே:
"எந்தக் கிழமைக்கா அந்தம்மா வருது?"
பவுனு கேட்டாள், வலிக்குமா என்று.
யாரோ, அவருக்குத் தெரிந்துவிடுமா என்று.
"தெரிஞ்சா என்னடி" என்றேன்.

கொத்துக்காரி தாமரை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
"நேரமாகுது, இறங்குங்கடி" என்றாள்,
வழக்கமான குரலில்.

செவ்வாய்க்கிழமை ஏழே கால் பஸ்ஸில்
எனக்கு முன்பே ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் ரேஷன் கார்டும்
மடித்த பழம்புடவை ஒன்றும்.