நொடிக்கு இருபது

தடாவைத் தாண்டி ஏரிக்குள்
கோல் ஊன்றி நிற்கிறது போலய்யாவின் படகு.
ஏழரை மணிக்கே பிடரியில் வெயில்.

விராலடிப்பான் இறக்கையை மடித்ததும்
பொத்தானை அழுத்தினேன், விடவில்லை.
டரரரரரர்.
"தையல் மெஷினா சார் அது?"

கேமரா திணறி நின்றபோது
பறவை போய்விட்டிருந்தது,
ஆந்திரப் பக்கமோ நம் பக்கமோ.

அறுபத்திரண்டு படம்.
முதல் பதினொன்றில் வெறும் வானம்,
ஒன்றில் என் தொப்பியின் விளிம்பு.
இருபத்தெட்டில் நீரைத் தொடும் நகம்.
அடுத்த பதினாறும் நுரை.
நாற்பத்தைந்தில் காலில் மடவை,
இன்னும் நம்பாத கண்ணோடு.
பிடித்தது
எதிலும் இல்லை.

போலய்யா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.
சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டிவிட்டார்.
மடவை நுரைக்குள் போனது.
நுரை மூடி ஏரி ஆனது.
வெறுங்காலோடு பறவை
வால் முதலாக வானத்துக்கு ஏறியது.
"அய்யய்யோ, விட்டுடுச்சே!"

படகின் அடியில், ஈயச்சட்டியில்
அவருடைய இன்றைய பாடு:
நாலு இறால், ஒரு நண்டு.

மறுபடி உருட்டினார், இந்த முறை முன்னோக்கி,
செதில் ஒட்டிய கட்டைவிரலால்
ஒவ்வொரு படமாக, அவசரமில்லாமல்,
மீன் வரும்வரை.