முறை

மூணாறு தலைப்பில் எனக்கு இராப்பணி.
வெண்ணாறு வந்து நின்று மூன்றாகப் பிரிகிற இடம்.
எந்த ஷட்டர் எத்தனை அடி என்று ஃபோன் வரும்.
தூக்குவேன், இறக்குவேன், நோட்டில் எழுதுவேன்.
மிச்ச நேரம் மடிக்கணினியில்
சேவியரின் எஞ்சினுக்குத் தேர்வு வைப்பேன்.

சேவியர் வேளாங்கண்ணியில் லாட்ஜ் கணக்கு பார்க்கிறவன்.
மூன்று வருஷமாய் அவனே எழுதும் சதுரங்க நிரலுக்குக்
கோரை என்று பெயர்.
பிடுங்கப் பிடுங்க முளைக்கும் என்பான்.

கேள்வித்தாள் நத்தர்ஷாவுடையது.
கூத்தாநல்லூரில் மூக்குக்கண்ணாடிக் கடை.
ஆட உட்கார்ந்தால் என்னிடமே தோற்பார்.
ஆனால் யாரும் ஆடி வந்து சேரத் துணியாத
நிலைகளைக் கட்டத் தெரியும் அவருக்கு.

பதினேழாம் கணக்கில் ஆறே காய்கள்.
வெள்ளை ராஜா சும்மா ஒரு கட்டம் நகர வேண்டும்,
அவ்வளவுதான் விடை.
கறுப்பு எதையும் தொடாமலிருந்தால் பிழைக்கும்.
ஆனால் முறை வந்துவிட்டது.
ஆடியே ஆக வேண்டும்.
ஆடினால் செத்தது.

இந்த ஊரில் இதை யாரிடம் சொல்ல?
முறைத்தண்ணிக்கு மண்வெட்டியோடு
விடிய விடிய வரப்பில் கிடக்கிறவர்களிடம்
முறை வந்ததாலேயே ஒருவன் கெட்டான் என்றால்
என்னை ஆற்றில் தள்ளிவிடுவார்கள்.

கோரைக்கும் புரியவில்லை.
கறுப்பு இந்தத் தடவை சும்மா இருந்தாலும்
நன்றாகத்தானே இருக்கிறது என்று
கணக்குப் போட்டு அந்தக் கிளையை அடைத்துவிட்டது.
அடைத்த ஷட்டருக்குக் கீழேதான் கிடந்தது விடை.
நாற்பது கோடி நிலை பார்த்தேன் என்று
திரையில் பீற்றிக்கொண்டது.
தண்ணீர் போன வாய்க்காலை எண்ணி என்ன,
கடைமடை காய்ந்தால்?

பதினேழு, தோல்வி என்று எழுதினேன்.
ஞாயிறு பூசை முடிந்து வந்து
சேவியர் ஒரே ஒரு வரி சேர்த்தான்:
காய் குறைந்தால் அடைக்காதே.
கோரை கொஞ்சம் மந்தமாகிவிட்டது.
ஆனால் பதினேழைப் போட்டது,
பதினொரு நிமிஷத்தில்.

அடுத்து முப்பத்திரண்டு.
நத்தர்ஷா நான்கு மாதம் செதுக்கியது.
சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டு
ராணியாகாமல் மந்திரியாக வேண்டும்.
ராணியானால் எதிரிக்கு நகர இடமில்லை, ஆட்டம் டிரா.
ஆசைப்படுகிற யந்திரத்துக்கு வைத்த பொறி.

கோரை மந்திரி கேட்கவில்லை.
ராணியும் கேட்கவில்லை.
சிப்பாயைத் தொடவே இல்லை.
மூலையில் காவலுக்கு நின்ற யானையை
ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி
ஐந்தில் மாட் என்றது.
சரிபார்த்தேன்.
அட்டையை விரித்துக் காய் வைத்துக்
கையாலும் சரிபார்த்தேன்.
சரிதான்.

மணி மூன்று. பாமணிப் பக்கம் மீன் துள்ளியது.
தேர்வில் தோற்றது கேள்வி.
மூன்று தரம் எழுதி அழித்தேன்.
கடைசியில் யானை போன கட்டத்தை மட்டும் அனுப்பினேன்.

நாலு நாள் பதில் இல்லை.
கூத்தாநல்லூர் வழியாகப் போனபோது
கடைக்குள் எட்டிப் பார்த்தேன்.
யாருக்கோ எழுத்தட்டையைக் காட்டி
கீழ்வரி தெரியுதா, கீழ்வரி
என்று கேட்டுக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

நேற்று வந்தது, முப்பத்திரண்டு அ.
கறுப்புச் சிப்பாய் ஒன்று ஒரு கட்டம் கீழே.
வேறு மாற்றமில்லை.
இனி யானை நகர்ந்தால் கறுப்பு ராஜாவுக்குச் சந்து உண்டு.
கூடவே ஒரு வரி:
'உம்ம ஆளைக் கேட்டுச் சொல்லும்,
இன்னும் எங்கயாவது ஓட்டை இருக்கா.'

ஓட விட்டிருக்கிறேன்.
ஆழம் முப்பது. முப்பத்தொன்று.
ஃபோன் அடிக்கிறது:
'கோரையில அரை அடி கூட்டு.'
எந்தக் கோரை என்று ஒரு நொடி திகைத்து
டார்ச்சை எடுத்துக்கொண்டு
எழுந்து போகிறேன்.