காலி வண்டி

இரவு ஒன்பதரைக்கு மேல் நான் சன்னி.
அதுவரை சுனிமோள்,
இரணியல், ரயில்வே கேட்டுக்கு
இந்தப் பக்கம் மூன்றாவது வீடு.

அமரில்லோவில் அப்போது காலை பதினொன்று.
டேல் ஐயாவும் மார்லீன் அம்மாவும்
முப்பத்துநாலு அடி வீடொன்றை
ஓட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார்கள்.
கட்டில் உண்டு அதில், அடுப்பு உண்டு, குளியலறை உண்டு,
வில்பர் என்றொரு பூனை உண்டு.

படிவம் கேட்பதை நானும் கேட்கிறேன்.
உயரம் எவ்வளவு. கரண்டு முப்பதா ஐம்பதா.
கழிவுத் தொட்டி எத்தனை நாள் தாங்கும்.
மரநிழல் வேண்டுமா, வெயில் போதுமா.
பக்கத்தில் ரயில் போனால் பரவாயில்லையா.
ஐயோ, ரயில் சத்தம் ஆகவே ஆகாது
என்கிறார் மார்லீன் அம்மா.
சரி அம்மா என்று எழுதிக்கொள்ளும்போது
சரக்கு ரயிலொன்று வருகிறது.
மைக்கை அமுக்கிவிட்டு
ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போகட்டும் என்று
சிரித்த முகமாக இருக்கிறேன்.

டேல் ஐயாவுக்கு ரிவர்ஸ் எடுக்க வராது.
சொல்லவில்லை அவர்; கேள்வியிலேயே தெரிந்தது.
நேரே நுழைந்து நேரே வெளியேறும்
இடங்களாகப் பார்த்து வைத்தேன்.
ஒரு பாலம் பதினொன்றரை அடி,
வண்டி பன்னிரண்டு அடி எட்டு அங்குலம்:
பதினான்கு மைல் சுற்றவிட்டேன்.
கொலராடோவில் எந்தத் திருப்பம் தாண்டினால்
டீசல் பத்து காசு குறைவு என்று சொல்வேன்.
திங்கள்சந்தை தாண்டி
ஸ்கூட்டர் ஓட்டியதில்லை நான்.

வயோமிங்கில்தான் கை நின்றது.
லாரமியிலிருந்து றாலின்ஸ், நூறு மைல்,
வரைபடம் முழுக்க ஆரஞ்சு நிறம்.
காற்று மணிக்கு அறுபது மைல் வரலாம்.
அறுபது என்றால் எவ்வளவு?
எனக்குத் தெரிந்த காற்று ஆரல்வாய்மொழிக் காற்று,
அதுவும் பஸ் ஜன்னல் வழியே.

பெனட்டைக் கூப்பிட்டேன்.
குளச்சல் மீனை மதுரையில் இறக்கிவிட்டு
கோவில்பட்டியில் புரோட்டா தின்றுகொண்டிருந்தார்.

"எந்த ஊரு?"
"லாரமி."
"லாரியா?"
"லா-ர-மி. பெரிய பெட்டி வண்டி. காத்து அடிக்குமாம்."
"உள்ள என்ன லோடு?"
"கட்டிலு, சோபா, அடுப்பு, ரெண்டு கெழங்க, ஒரு பூனை."
கொஞ்ச நேரம் புரோட்டா மெல்லும் சத்தம்.
"அப்பம் காலி வண்டிதாம் பிள்ளே.
லோடு வண்டிய காத்து தள்ளும்.
காலி வண்டியத் தூக்கும்.
ஒரு நாளு கெடக்கச் சொல்லு."

லாரமியில் ஓரிரவு கூட்டினேன்.
ஐம்பத்திரண்டு டாலர்.
காரணம் என்ற கட்டத்தில்
நிபுணர் ஆலோசனை என்று போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து அவர்கள் லாரமியில் கிடந்த அன்று
காற்று வரவே இல்லை.
வேலியில் கட்டியிருந்த கொடி
நனைந்த துண்டு மாதிரித் தொங்குவதை
மார்லீன் அம்மா படமெடுத்து அனுப்பினார்.
மூன்று நட்சத்திரம்.
சன்னி நல்ல பெண், ஆனால் பயந்த சுபாவம்.

மணி இரண்டேகால்.
அழவில்லை. ஒரு மட்டிப்பழம் உரித்தேன்.
போனில் பெனட்டின் நீலப் புள்ளி
வள்ளியூர் தாண்டி வந்துகொண்டிருந்தது,
முப்பந்தலில் நின்றது.
அசையவில்லை.
பிறகு செய்தி:
காத்து. பெட்டி ஆடுது. நிறுத்திப்போட்டேன்.
வெடிஞ்சி வாறேன்.

புதுப் படிவம் ஒன்றைத் திறந்தேன்.
நீளம் இருபத்திரண்டு அடி.
கரண்டு வேண்டாம்.
தண்ணீர், ஐந்து லிட்டர் கேன், பாதி இருக்கும்.
மரநிழல், புளியமரம் ஒன்று உண்டு என்று நினைவு.
சுற்றுப்புறச் சத்தம்: காற்றாடிகள், ஆட்சேபம் இல்லை.
பூனை இல்லை.
ஆட்கள் ஒன்று. இரவுகள் ஒன்று.
கட்டணம் என்ற இடத்தில்
சிவப்புக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது,
நிரப்பாமல் விடாது அது.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான்.
ஆனாலும் அந்த வழி போனால்
எதற்கும் இருக்கட்டும் என்று
கண்ணாடியை இறக்கிப் போடுவதை எழுதினேன்:
இசக்கிக்கு இரண்டு ரூபாய்.