உறையாத ஊர்

மர்ஃபி டவுன் தகர ஷெட்டில்
ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். பச்சைப் பெயின்ட்.
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
கட்டைவிரல் நீளப் பித்தளைக் குழாய்.
சொட்டு.
எண்ணினேன், நிமிடத்துக்குப் பதினொன்று.

குளிர்நாட்டில் பொருத்திய குழாய்.
ராத்திரி தண்ணீர் உறைந்தால்
இரும்பு வெடித்துவிடும் என்று பயந்து
வடித்துவிட வழி வைத்திருக்கிறார்கள்.
இங்கே டிசம்பருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.
யாரும் திறக்கவே இல்லை போல.
திறக்காததில்தான் கெட்டிருக்கிறது.

நட்டைக் கழற்றி
குறுகிய பக்கம் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு.
கூம்பு கையில் வந்தது, உடம்பெல்லாம் உப்பு,
குறுக்கே நகக்கீறலாய் ஒரு கோடு.
இத்தனை நாளும் அந்த வழியாகத்தான்.

மிளகளவு பேஸ்ட்.
அரைச் சுற்று அப்படி, அரைச் சுற்று இப்படி,
தூக்கி, துடைத்து, மறுபடி.
கோடு போனது, ஆசை போகவில்லை.
இன்னும் கொஞ்சம் என்று தேய்த்ததில்
கூம்பு ஆழ இறங்கி
வாஷர் உடம்பில் முட்டி நின்றது.
நட்டு இறுகியது, குழாய் இறுகவில்லை.
சொட்டு. இப்போது பதினாறு.
என்னையே திட்டிக்கொண்டு
அடிவிளிம்பை அரத்தால் அரை மில்லி ராவினேன்.

ஞாயிறு. லாரித் தண்ணீர் வராத நாலாம் நாள்.
ஒரு மணி நேரம் ஓடி நின்ற எஞ்சினின்
தொட்டியில் ஆவி.
கீழே சிமென்ட் காய்ந்தே கிடந்தது.
பக்கத்து வீட்டு ரெஜினா வாளியோடு வந்து
"சுடுதண்ணி இருக்காமே?" என்றாள்.

இரண்டு விரலால் திருப்பினேன்.
முதலில் துருநிறம். பிறகு கொஞ்சம் குறைந்த துருநிறம்.

"பாத்திரத்துக்கு ஆகும்" என்றாள்.