இடது சுண்டுவிரல்

விடியுமுன் ஐஸ் கட்டிகளை எண்ணி வாங்கினேன்.
நான்கு.
பெட்டி தோளில் ஏறியதும்
முதுகில் குளிர் இறங்கியது,
மகளைக் கட்டிச் சுமக்கும் அதே இடத்தில்.
அவளைத் தங்கையிடம் விட்டிருந்தேன்.

ஜாம்பெசி இன்னும் முழுதாய் வடியாத மாதம்.
ஊரெல்லாம் மேடு,
மேடெல்லாம் தீவு.
துடுப்புப் போட்டவர் முயுண்டா.
அன்று முழுக்க அவர் பேசியது மூன்றே சொல்:
"நீர்யானை."
"குனி."
"போயிற்று."

முதல் மேட்டில் ஒன்பது பிள்ளைகள்.
ஆளுக்கு இரண்டு சொட்டு.
கன்னத்தை இரு விரலால் அழுத்தினால்
வாய் மீன்வாயாகத் திறக்கும்.
சந்தையில் மீன் விற்பவளுக்கு
இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?
பிறகு இடது சுண்டுவிரலில் மை.
மை வாங்கிய பொடியன் ஒருவன்
அண்ணனிடம் காட்டி அழவைத்துவிட்டான்.
அண்ணனுக்கு ஏழு வயது. பட்டியலில் சேராது.
அவனுக்கும் மை மட்டும் தொட்டு வைத்தேன்,
கணக்கில் ஏற்றவில்லை.
நர்ஸ் லிகாண்டோ அந்த நேரம் பார்த்து
வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார்.

ஐந்தாம் மேட்டில்
வலை பின்னிக்கொண்டிருந்தார் முகெலாபாய்.
தலை நிமிராமல் கேட்டார்:
"கிணறு கேட்டோம், மூன்று மழை போயிற்று.
பாலம் கேட்டோம், வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.
கேட்காத மருந்து மட்டும்
வீடு தேடி வருகிறதே, எப்படி?"

பயிற்சியில் இந்தக் கேள்வி இல்லை.
காய்ச்சல் வருமா, மலடாகுமா,
அதற்கெல்லாம் பதில் மனப்பாடம்.
"எனக்கும் தெரியாது" என்றேன்.
"எங்கள் மேட்டிலும் கிணறு கிடையாது.
ஆற்றுத் தண்ணீர்தான்."

ஊசி நின்றது.
என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்,
சேறு அப்பிய என் முழங்காலைப் பார்த்தார்.
"சிதாலி! பிள்ளைகளைக் கூட்டி வா!"
இணங்கினாரா, சலித்துப்போனாரா,
இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.
படிவத்தின் ஓரத்தில் 'கிணறு' என்று எழுதினேன்.
மேலதிகாரி அழித்துவிடுவார்.
பென்சில்தானே.

குப்பியின் மேல் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் வெள்ளைச் சதுரம்.
சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும்.
வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்து செத்தது.
உச்சிவெயிலில்
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டும்போது வீட்டுக்கு வந்தால்
என் கதவில் சுண்ணக்கட்டியில் ஒரு பெருக்கல் குறி.
பக்கத்துக் குழு போட்டது.
விடுபட்ட வீடு.

தங்கை கையைப் பிசைந்தாள்:
"பெட்டியைக் கண்டதும்
'அம்மா வந்தால்தான்' என்று
கவிழ்த்த ஓடத்துக்கு அடியில் புகுந்துகொண்டாள்.
மூன்று பேர் இழுத்தும் வரவில்லை."

இனோங்கே, மூன்று வயது,
இப்போது வாயை ஆவென்று திறந்து நின்றாள்.
லிகாண்டோ கடைசிக் குப்பியை விளக்கருகே பிடித்தார்.
ஏழெட்டுச் சொட்டு இருக்கும்.
சதுரம் எது வட்டம் எது, தெரியவில்லை.
ஒன்றும் சொல்லாமல் பைக்குள் போட்டார்.
அடுத்த படகு நாளை மறுநாள்.

வாயை மூடிவிட்டு விரலை நீட்டினாள்.
"அப்போ மையாவது வை."
பேனா என் பையில்தான் இருந்தது.
ஏழு வயதுப் பையனுக்கு வைத்த கை
இவளுக்கு வைக்க எழவில்லை.
கறுத்த விரலைக் கண்டால்
நாளை மறுநாள் வருகிறவர் தாண்டிப் போய்விடுவார்.
இதை மூன்று வயதுக்கு எப்படிச் சொல்ல?
சொன்னேன்.
அழுதாள்.

நூற்றுப் பதினான்கு சுண்டுவிரல்கள் கறுத்த இரவில்
ஒரு விரலை என் மூக்குக்கு நேரே நீட்டியபடி
தூங்கிப்போனாள்.
என் கை முழுக்க மை.
தொட்டுவிடப் போகிறேனோ என்று
கையைப் பாய்க்கு வெளியே வைத்துப் படுத்தேன்.