குறைந்தது நாலு ஓம்

ஆம்ப்பின் முதுகில் இரண்டு துளைகள்.
மேலே வெள்ளை எழுத்தில் ஓர் எச்சரிக்கை,
என் நகம் பட்டுப் பட்டே பாதி அழிந்தது:
குறைந்தது நாலு ஓம்.
"என்னா, ஆம்ப்புக்கும் மந்திரமா?" என்கிறான் ரெஜினோல்ட்
ட்ரம்மின் கால்களை விரித்தபடி.
மந்திரமில்லை. கணக்கு.

நோர்வூட் மண்டபம், மாலை நாலரை.
ஏழு மணிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரவேண்டும்.
வெளியே மழை தன்பாட்டுக்கு.
திறந்த ஜன்னலால் நுழைந்த பனி
பின்வரிசை நாற்காலிகளில்
முதல் விருந்தாளியாய் உட்கார்ந்துவிட்டது.

ஒரு பெட்டி அப்கொட் சேர்ச்சில் இரவல் வாங்கியது. எட்டு ஓம்.
மற்றது என்னுடையது, பத்து மாதச் சீட்டுக் காசு.
போன வாரம்தான் ஹட்டனில் கித்சிரி பாஸ்
அதன் வயிற்றைத் திறந்து மூடினார். அதுவும் எட்டு.
எட்டும் எட்டும் சமாந்தரமாய்ச் சேர்ந்தால்
பதினாறாகாது, நாலாகும்.
வழி இரண்டானால் தடை பாதி.
கரண்ட் தாராளமாய்ப் போகும்;
அதற்குமேல் தாராளம் இந்த ஆம்ப்பின் உடம்புக்கு ஆகாது.

அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா
லொறியிலிருந்து மூன்றாவது பெட்டியொன்றை இறக்கிவிட்டார்.
"இதயும் மாட்டுங்க தங்கச்சி,
சவுண்டு டிக்கோயா வரைக்கும் கேக்கணும்."
மாட்டினால் மூன்று ஓம்கூட மிஞ்சாது,
முதல் பாட்டிலேயே புகை வரும் என்றேன்.
"மூணு பேரு சேந்தா பலம் கூடத்தானே செய்யும்?"
பதில் எனக்குத் தெரியும்.
அவர் ஒத்துக்கொள்கிற பதில் தெரியாது.
பெட்டியை மேடையோரம் தள்ளிவைத்தோம்.

சுவிட்சை அணைத்த பிறகே வயரைத் தொட்டேன்.
ஸ்பீக்கர் வயர், உள்ளே இரண்டு தடித்த நரம்பு.
கிட்டார் வயரும் பார்வைக்கு இதேதான்,
இதே முனை, இதே துளையில் போகும்.
ஆனால் உள்ளே ஓடுவது முடிபோல ஒன்று.
போன வருஷம் பொகவந்தலாவையில் அது உருகிய நாற்றம்
இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

செருகினேன். போட்டேன். சிவப்பு விளக்கு.
தடித்த கம்பியைத் தட்டினேன்.

ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றும் சொல்லமுடியாது.
இரண்டு பெட்டியும் பேசின.
கிட்டப்போய்க் காதை வைத்தால் தனித்தனியே நல்ல குரல்.
நடுவில் வந்து நின்றால்
இரண்டாந்தரம் வடித்த தேத்தண்ணி.

வாச்சரின் டோர்ச்சிலிருந்து ஒரு பற்றரியை உருவினேன்.
வயரின் முனையில் அதைத் தொட
சேர்ச் பெட்டியின் கூம்பு ஒரு நூலளவு வெளியே வந்தது.
என் பெட்டியின் கூம்பு, அதே தொடுகைக்கு,
உள்ளே போனது.
அது தள்ளிய காற்றையெல்லாம் இது குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
(கல்யாண வீட்டில் இதற்கு ஓர் உவமை சொல்லலாம்.
மணி ஐந்தே முக்கால். சொல்லவில்லை.)

எட்டுத் திருகாணி. திறந்தால்
பாஸிடம் கறுப்பு வயர் முடிந்துபோயிருக்கிறது:
இரண்டும் சிவப்பு.
ஃபோனில் கூப்பிட்டால் "அனே நங்கி" என்று சிரிக்கிறார்.
கழற்றி, மாற்றிச் செருகி,
மூன்று திருகாணியோடு மூடினேன். மிச்சம் நாளைக்கு.

மறுபடி அதே கம்பி.
இம்முறை காதுக்கு முன்னால் பாதம் கேட்டது.
பலகை மேடை, தகரம், ஜன்னல் கண்ணாடி;
சமையலறையில் சோற்று அண்டாவின் மூடி
கிடுகிடுவென்று ஆட
அகப்பையோடு ஓடிவந்தாள் ஒருத்தி, "என்னாங்க அது?"
"பேஸ்" என்றான் ரெஜினோல்ட்,
தானே செய்ததுபோல.

பத்தரைக்குச் சித்தப்பா வியர்த்து, ஆடி, கோட்டைத் தோளில் போட்டு
என் காதருகே வந்து கத்தினார்:
"பாத்தீங்களா, மூணாவதையும் மாட்டினதும் எப்புடி இருக்கு!"
ஆமாங்க என்றேன்.

மேடையோரம் அந்த மூன்றாவது பெட்டியின் மேல்
ரோஸ் ஃப்ரொக் போட்ட பிள்ளையொன்று
சப்பாத்தோடு தூங்கிவிட்டிருந்தது.
இடைவேளையில்தான் அருகே போனேன்.
அதற்கு முன், வாசித்தபடியே பார்த்தேன்:
எந்த வயரும் இல்லாத அதன் கூம்பு
நான் தட்டத் தட்ட
மிக லேசாக
அசைந்துகொண்டுதான் இருந்தது.