வாயில் நிற்காத மெட்டு

வானொலி நிலையத்துக்கு வாரம் ஒரு கடிதமாவது வரும்:
'மாசிலாமணி இசையில்
மெட்டு வாயில் நிற்பதில்லை.'
சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒருவர்
சிவப்பு மையிலேயே எழுதுவார்.

உண்மைதான்.
பதினேழு வருடம் அவருக்கு வயலின் வாசித்தவன் சொல்கிறேன்.
பல்லவி பிடிபடப் போகிற நேரம் பார்த்து
ஒரு சுரத்தைப் பிடுங்கிவிடுவார்.
மூன்றாம் சுற்றில் தாளம் அரை அடி தள்ளி உட்காரும்.
டிரம்பெட் ஹோக் சூன் தலையைச் சொறிந்துகொண்டு
மலாயில் கேட்பான்:
நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது?

ஒருமுறை பட்டர்வொர்த் ஃபெரியில்,
நல்ல மழை, கார்களுக்கு நடுவே நின்றிருந்தோம்,
நான் கேட்காமலே சொன்னார்.

டத்தோ கிராமாட் சாலை. ஜப்பான்காரன் காலம்.
சிற்றலை கேட்டால் தலை போகும்.
அப்பா மின்சாரக் கம்பெனியில் ஒயர்மேன்.
கோழிக்கூண்டுக்கு அடியில் ரேடியோ,
அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் எச்சம்.
இரவில் அதை எடுத்து
ஒரே போர்வைக்குள் அப்பாவும் மகனும்.
செய்தி இங்கிலீஷில் வரும், மகனுக்குப் புரியாது.
செய்திக்கு முன்னால் வரும்
நாலு வரி வாத்தியம் மட்டும் புரிந்தது.

எட்டு வயது.
மரவள்ளிக்கிழங்கு வரிசையில்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி
அதையே முணுமுணுத்திருக்கிறார்.
பின்னால் நின்ற ஆள் குனிந்து,
'நல்லாருக்கே தம்பி, எங்க கேட்டே?'
வெல்லத் துண்டு ஒன்றும் கொடுத்தான்.

'வெல்லத்தைத் தின்னுட்டேன்' என்றார்.
அதற்குமேல் சொல்லவில்லை.
ஃபெரி கரையில் இடித்தது. கார்கள் உறுமின.

அதன்பிறகு
அவர் பிடுங்கிய சுரத்தின் இடம் வரும்போதெல்லாம்
வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பேன்.

ஆனாலும் ஒன்று தப்பித்துவிட்டது.
எழுபத்தொன்றோ இரண்டோ,
தீபாவளி நிகழ்ச்சிக்கு அவசரத்தில் போட்டது.
எப்படியோ வால் அறுபடாமல் போய்விட்டது.

ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக்கு வந்திருந்தார்.
கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.
உள்ளே அரிசி களைந்தபடி
என் மகள் செண்பகம் அதை முணுமுணுத்தாள்,
முழுசாக, ஒரு சுரம் விடாமல்.

அவர் எழுந்தார்.
தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.
அடுத்ததையும். கதவுக்குக் கொக்கி போட்டார்.
திரும்பி வந்து உட்கார்ந்தார்.

'இப்போ பாடச் சொல்லுங்க' என்றார்,
'முதல்லேருந்து.'